காப்ளின் கும்பலோடு ஐந்து வருடம்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் காப்ளின் எனும் குட்டிப் பூத இனத்தின் தலைவனான 'க்ரென்கோ, மாப் பாஸ்' 2012-இலேயே வந்த கார்டு. என் கைக்கு வந்தது 2020-இல். ஒரு தலைவன் கார்டைச் சுற்றி ஆடும் கமாண்டர் என்ற வகைக்கு அவனைத் தலைவனாக வைத்து, மீதி 99 கார்டில் லேண்ட் (மனா தரும் நிலக் கார்டு) போக அகப்பட்ட காப்ளின்களையெல்லாம் அடைத்தேன். சனிக்கிழமை ராத்திரி நாங்கள் நான்கு பேர் ஆட உட்காரும்போது இன்றும் என் கை அந்தப் பெட்டிக்குத்தான் போகிறது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இப்போது கொஞ்சம் வசவும் சேர்ந்து வரும்.

க்ரென்கோவை இறக்க விலை 4 மனா. அவனை டேப் செய்தால், அதாவது கார்டைப் பக்கவாட்டில் திருப்பினால், என் பக்கம் எத்தனை காப்ளின் இருக்கிறதோ அத்தனை 1/1 (அடிக்கும் பலம் ஒன்று, தாங்கும் பலம் ஒன்று) காப்ளின் டோக்கன் புதிதாக வரும். அவனே ஒரு காப்ளின் என்பதால் தனியாக நின்றாலும் முதலில் ஒன்று, பிறகு இரண்டு, அப்புறம் நான்கு, எட்டு. இத்தனைக்கும் டோக்கன் அட்டை யாரிடம் இருக்கிறது? அம்மா தாயம் ஆடச் சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டை டப்பாவை எடுத்துக்கொண்டேன். அந்த டர்னில் வந்தவை உடனே தாக்க முடியாது. அவற்றை மட்டும் டம்ளர் மூடியில் தனியாகப் போட்டு வைப்பேன்.

ஒரே இனத்தை வைத்து டெக் (கார்டுக் கட்டு) கட்டும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். காப்ளின் சீஃப்டன், காப்ளின் கிங் என்று மற்ற காப்ளின்களுக்கு +1/+1 தரும் கார்டுகளாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். ஒருவருக்கொருவர் 20 உயிரோடு ஆடும் ஆட்டத்தில் அது சரிதான். கமாண்டரில் ஆளுக்கு 40. எதிரே மூன்று பேர், ஆக 120. ஒருவனை அடித்து வீழ்த்தி முடிப்பதற்குள் மற்ற இருவரும் பேசி வைத்ததுபோல் என் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

ஒரு ராத்திரி என்னிடம் 19 காப்ளின். அடுத்த டர்னில் கதை முடிந்தது என்று கையில் இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். டிராகன் டெக் ஆடும் நண்பன் ஒரே ஒரு மவுண்டன் லேண்டை டேப் செய்து 'ப்ளாஸ்ஃபெமஸ் ஆக்ட்' போட்டான். அதன் விலை 9 மனா, ஆனால் மேசையில் உள்ள ஒவ்வொரு கிரீச்சருக்கும் (காப்ளின், டிராகன் போல சண்டை போடும் உயிர்கள்) ஒன்று குறையும். எல்லா கிரீச்சருக்கும் 13 டேமேஜ். "உன் கும்பல்தான்டா எனக்கு டிஸ்கவுண்டே கொடுத்துச்சு" என்றான். கொட்டைகளை டப்பாவில் அள்ளிப் போட்டுவிட்டு மீதி ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன்.

பல மாதம் கழித்து இன்னொன்றும் புரிந்தது. என் டெக்கின் உயிர்நாடி 'ஸ்கல்கிளாம்ப்', கிரீச்சருக்கு மாட்டிவிடும் ஒரு கருவி. 2004-இல் ஸ்டாண்டர்டு என்ற இன்னொரு ஆட்ட வகையில் தடை செய்த கார்டு, கமாண்டரில் ஆடலாம். ஒரு மனா கொடுத்து மாட்டினால் அந்தக் கிரீச்சர் +1/-1 ஆகும், செத்தால் எனக்கு இரண்டு கார்டு. 1/1 டோக்கனுக்கு மாட்டினால் அங்கேயே சாகும். என் டெக்கின் சிவப்பு நிறத்தில் கைக்குப் புதுக் கார்டு கிடைக்கும் பஞ்சத்துக்கு இது அமுதசுரபி. ஆனால் சீஃப்டன் மேசையில் இருந்தால் டோக்கன் 2/2. மாட்டினால் 3/1 ஆகி, சாகாமல் முழித்துக்கொண்டு நிற்கும்! பலம் தரும் கார்டே எனக்குக் கார்டு வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து +1/+1 ஆட்களை ஒவ்வொருவராகக் கழற்றினேன். சீஃப்டன் மட்டும் மிச்சம், அதுவும் வந்த டர்னிலேயே க்ரென்கோவை டேப் செய்ய வைக்கிறான் என்பதற்காக. க்ரென்கோ செத்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் 2 மனா கூடுகிறது. 6, 8 என்று கொடுத்துவிட்டு ஒரு சுற்றுச் சும்மா நிற்கவிட முடியாது. 'இம்பாக்ட் ட்ரெமர்ஸ்' உள்ளே வந்தது: என் கிரீச்சர் ஒன்று வந்தால் எதிராளி ஒவ்வொருவருக்கும் 1 டேமேஜ். எட்டுக் கொட்டை விழுந்தால் மூவருக்கும் எட்டெட்டு, யாரையும் தாக்கவே வேண்டாம். 'காப்ளின் பம்பார்ட்மென்ட்' இன்னும் பிடிக்கும். ஒரு கிரீச்சரைப் பலி கொடுத்தால் 1 டேமேஜ். யாராவது மேசையைத் துடைக்க வந்தால், எப்படியும் சாகப்போகிற கும்பலை ஒவ்வொன்றாக அவன் தலையிலேயே எறிந்துவிடலாம். அதோடு, எத்தனை ஆசை வந்தாலும் இரண்டு காப்ளின் கார்டைக் கையில் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

நடுவில் 'தி உர்-டிராகன்' டெக்கும் வாங்கிப் பார்த்தேன். 2017-இல் வந்த கமாண்டர் டெக்குகளில் ஒன்று. ஐந்து நிறத்துக்கும் லேண்ட் சரியாக அமைவதற்குள் தூக்கம் வந்துவிட்டது. ஸ்லிவர் என்ற இன்னொரு இனத்தின் பக்கம் போகவில்லை. தலைவன் கார்டைத் திருப்பிக் காட்டியதுமே மூன்று பேரும் முறைப்பார்கள்.

குறை என்றால் நேரம்தான். என் டர்ன் வந்தால் ஒருவன் எழுந்து டீ போடப் போவான். திரும்பி வந்தும் நான் எண்ணிக்கொண்டிருப்பேன். போன வாரம் 64 வரை போய்க் கொட்டை தீர்ந்துவிட்டது. மீதிக்கு உளுந்து வாங்கிக்கொண்டேன்.