விடிய விடியக் கூத்து, நான்கு மெமரி கார்டு: 2022 முதல் என் அனுபவம்

செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா நடக்கும்போது தெருக்கூத்தை வீடியோ எடுத்து வைப்பது என் வழக்கம். சம்பளத்துக்கு இல்லை, அந்த ஜமாக்கள் (கூத்துக் குழுக்கள்) கேட்டால் பதிவைக் கொடுத்துவிடுவேன். இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடிந்த பிறகுதான் கூத்து முடியும். ஒரே இரவில் எட்டு மணி நேரம். கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குக்கூட இப்படி இடைவெளி இல்லாமல் ஓடுகிற பதிவு அபூர்வம். அதனால் கேமராவைவிட மெமரி கார்டைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். கேமரா சோனி இசட்வி-இ10. கார்டு விஷயத்தில் முதலில் தோற்று, பிறகு ஒரு வழிக்கு வந்த கதை இது.

2022இல் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 256 ஜிபி கார்டு வாங்கினேன். மற்ற இடங்களில் சொன்ன விலையில் பாதிதான். அட்டை, எழுத்து, ஹோலோகிராம் எல்லாம் சரியாக இருந்தன. கேமராவில் போட்டதும் 256 என்றே காட்டியது. வீட்டில் பத்து நிமிடம் எடுத்துப் பார்த்தேன், நன்றாக ஓடியது. அதை நம்பி அர்ச்சுனன் தபசு இரவுக்குக் கொண்டுபோனேன். தபசு மரத்தில் கூத்து வாத்தியார் பாடிக்கொண்டே ஏறுகிறார். கீழே பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் மடியேந்திக் காத்திருக்கிறார்கள். மேலிருந்து எலுமிச்சையும் பூவும் விழுகின்றன. எல்லாமே கேமராத் திரையில் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் கணினியில் போட்டால் முதல் மூன்று கிளிப் திறந்தன. அதற்குப் பிந்தைய கிளிப்புகளுக்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. மரம் ஏறிய காட்சி போய்விட்டது. அறுபது வயதைத் தாண்டிய அந்த வாத்தியார் முழங்கால் வலியோடு ஏறியது அது. அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

போலி கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உள்ளே இருப்பது சிறிய சிப். அதை இயக்கும் கண்ட்ரோலரின் நிரலை மாற்றி எழுதி, கேமராவிடமும் கணினியிடமும் பெரிய கொள்ளளவைச் சொல்ல வைக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் எழுதுவது பழைய தகவலின் மேலேயே விழும், அல்லது எங்குமே போகாது. எழுதியதாக மட்டும் கார்டு தலையாட்டிவிடும். அதனால்தான் பத்து நிமிடச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. கார்டை முழுதாக நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. என் 256 ஜிபி கார்டில் உண்மையாக இருந்தது 32 ஜிபிகூட இல்லை.

அன்றிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும், எவ்வளவு பெரிய கடையில் வாங்கினாலும், முழுச் சோதனை முடியாமல் கேமராவுக்குள் போகாது. 128 ஜிபிக்கு நல்ல ரீடர் (கார்டைக் கணினியில் இணைக்கும் கருவி) இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழைய யுஎஸ்பி 2.0 ரீடர் என்றால் இரண்டு மணி நேரம் தாண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கணினி 128 ஜிபி கார்டை 119 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

இனி கார்டின் மேல் அச்சடித்திருக்கும் எண்கள். பெரிய எழுத்தில் 170, 200 என்று போட்டிருப்பது படிக்கும் வேகம். வீடியோ எடுப்பவருக்கு வேண்டியது எழுதும் வேகம். அதிலும் உச்ச வேகம் இல்லை, எவ்வளவு நேரம் ஓடினாலும் இதற்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதம். அது சின்ன எழுத்தில் இருக்கும். வட்டத்துக்குள் 10 என்றாலும் யு என்ற எழுத்துக்குள் 1 என்றாலும் நொடிக்கு 10 மெகாபைட். யு எழுத்துக்குள் 3 என்றால் 30. வி30 என்பதும் அதே 30தான். வி60, வி90 அந்தந்த எண்.

கேமரா மெனுவில் வீடியோ தரத்துக்கு இருக்கும் எண்ணோ நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. எட்டால் வகுத்தால்தான் மெகாபைட். என் கேமராவில் 4கே-யின் உச்சம் 100 மெகாபிட், அதாவது நொடிக்கு 12.5 மெகாபைட். யு1 கார்டின் உத்தரவாதம் 10தான் என்பதால் அது போதாது. யு3 இல்லாமல் அந்தத் தரத்தில் பதிவு செய்யக் கேமராவே மறுக்கும். 30க்கு மேல் உத்தரவாதம் உள்ள கார்டு எனக்கு எந்த விதத்திலும் உதவாது. இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் பணம் மிச்சமாக ஆரம்பித்தது. வி60, வி90 கார்டுகளின் பின்புறம் இரண்டாவது வரிசையாகத் தகடுகள் இருக்கும். அந்த வரிசையைத் தொடும் ஊசிகள் இசட்வி-இ10இன் ஸ்லாட்டில் இல்லை. போட்டால் வேலை செய்யும், ஆனால் சாதாரணக் கார்டின் வேகத்தில்தான். பல மடங்கு விலை கொடுத்து வாங்கி அப்படிப் பயன்படுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்பதில்லை. பானசோனிக் ஜிஎச்5 போல 400 மெகாபிட்டில் எடுக்கும் கேமராவுக்கு மட்டும் வி60 உண்மையான தேவை.

இன்னும் மலிவாக முடிக்கவும் பார்த்தேன். 4கே-யை 60 மெகாபிட்டில் வைத்தால் நொடிக்கு 7.5 மெகாபைட்தான், யு1 கார்டே போதும், இடமும் மிச்சம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து பேசும்போதும், பின்பாட்டுக்காரர்களைக் காட்டும்போதும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வேஷக்காரர் கிரிக்கி (வேகமாகச் சுழலும் அடவு) சுற்ற ஆரம்பித்ததும் படம் உடைந்தது. தோளில் கட்டும் புஜக்கட்டையிலும் மார்புப் பதக்கத்திலும் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியில் மின்னுகின்றன, காலடியில் புழுதி கிளம்புகிறது, பாவாடை விரிந்து சுழல்கிறது. இவ்வளவு அசைவை 60 மெகாபிட்டுக்குள் அடைக்க முடியாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கூத்தின் உயிரே அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. அதனால் முழு இரவும் 100 மெகாபிட்தான் என்று முடிவு செய்தேன். உட்கார்ந்து பேசுவதை எடுப்பவர்களுக்கு 60 தாராளமாகப் போதும்.

100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ஒரு இரவுக்கு நான்கு கார்டு வைத்துக்கொள்கிறேன். 512 ஜிபியில் ஒன்று வாங்கினால் மாற்றும் வேலை இல்லையே என்று கேட்பார்கள். அந்த ஒன்று கெட்டால் இரவு முழுதும் போகும். நான்கில் ஒன்று கெட்டால் போவது அந்தப் பகுதி மட்டும். 2022 கடைசியில் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் இரண்டும், மறு வருடம் கிங்ஸ்டன் கேன்வாஸ் கோ பிளஸ் இரண்டும் வாங்கினேன். நான்குமே வி30. திருவிழாக் காலத்தில் தினமும் நிரப்பி, தினமும் அழித்திருக்கிறேன். இன்றுவரை எதிலும் பதிவு பாதியில் நிற்கவில்லை. வாங்கும்போது தொடர் பெயரை மட்டும் பார்த்து எடுத்துவிடக் கூடாது. கிங்ஸ்டனின் கேன்வாஸ் செலக்ட் பிளஸில் 128 ஜிபி யு1, அதே பெயரில் 256 ஜிபி யு3. முன்பக்க முத்திரையைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அந்த 170க்கு வருகிறேன். சாதாரண எஸ்டி கார்டுகள் பயன்படுத்தும் யுஎச்எஸ்-1 முறையின் எல்லை நொடிக்கு 104 மெகாபைட். அதற்கு மேலான வேகம், அந்த நிறுவனத்தின் தனி முறையைப் புரிந்துகொள்ளும் ரீடரில்தான் கிடைக்கும். என் சாதாரண யுஎஸ்பி 3.0 ரீடரில் 90 வரை வருகிறது, நிரம்பிய கார்டு அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது. தூக்கமில்லாத காலையில் நான்கு கார்டை இறக்க வேண்டியவனுக்கு நல்ல ரீடர், இன்னொரு கார்டைவிட உபயோகம்.

மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டும் ஒரு வருடம் முயன்றேன். இரண்டு இடத்தில் தொடர்பு, இரண்டு இடத்திலும் புழுதி, வியர்வை. இருமுறை பதிவு நின்றதும் விட்டுவிட்டேன். முன்பிருந்த பழைய 64 ஜிபி கார்டில் பூட்டுப் பொத்தான் தளர்ந்து, கேமராவுக்குள் தள்ளும்போதே பூட்டிக்கொண்டது. செலோடேப் ஒட்டி ஒரு இரவு ஓட்டினேன், அடுத்த நாளே ஓய்வு கொடுத்தேன். ட்யூப் லைட் மினுக்கம் வராமல் இருக்க கேமராவின் வீடியோ முறையை என்டிஎஸ்சி (NTSC) என்பதிலிருந்து பால் (PAL) என்பதற்கு மாற்றினால் கார்டை மறுபடி ஃபார்மேட் செய்யச் சொல்லும். இதை ஊரிலேயே செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும், களத்தில் செய்யக் கூடாது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்த பிறகுதான் ஃபார்மேட், அதுவும் கேமராவிலேயே. கார்டுகளில் 1 முதல் 4 வரை மார்க்கரில் எண் எழுதியிருக்கிறேன். நிரம்பியதை டப்பாவில் தலைகீழாக வைப்பேன், இருட்டில் தடவினாலே தெரியும்.

போன திருவிழாவில் தபசு மரம் ஏறியது வாத்தியாரின் மகன். வாத்தியார் கீழே, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டியங்காரன் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, புதுக் கார்டு போட்டாச்சா?”

“போட்டாச்சு வாத்தியாரே, மூணாம் நம்பர். ரெண்டரை மணி நேரம் ஓடும்.”

“அப்ப ஏறச் சொல்லட்டுமா?”

பதிவுப் பொத்தானை அழுத்தி, சிவப்புப் புள்ளி வந்ததைத் திரையில் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.