இரண்டு நினைவகம் உள்ள பிபி மெஷின்: தகாயாசு உள்ளவர் பார்வையில்

எனக்குத் தகாயாசு தமனி அழற்சி, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே பெரிய ரத்தக்குழாய்களைத் தாக்கும் நோய். இடது கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது. அதனால் பிபி மெஷின் வாங்கும்போது, இரண்டு பேரின் அளவைத் தனித்தனியாகச் சேமிக்குமா என்றுதான் முதலில் பார்த்தேன். இதில் அந்த வசதி உண்டு. முதல் ஆள் என் வலது கை, இரண்டாம் ஆள் இடது கை.

வலது கையில் மேல் அளவு 138 காட்டும். உடனே இடது கையில் போட்டால் 104. மெஷின் மேல் தவறில்லை. இரு கைகளுக்கும் 20 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருப்பதை இந்த நோயை வகைப்படுத்த 2022-இல் வந்த மருத்துவ விதிகளே இதன் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன.

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்களான டி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் பெருந்தமனியின் சுவருக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்கள் வழியாகச் சுவருக்குள் புகுந்துவிடுகின்றன. வெளியடுக்கில் பிடிக்கும் அழற்சி உள்ளே பரவி, சுவர் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகுகிறது. எச்எல்ஏ-பி52 மரபணு வகை உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். ஆனால் உடம்பு எதைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. இந்த நோயை உறுதிசெய்ய ஆன்டிபாடி டெஸ்ட் எதுவும் கிடையாது. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி நார்மலாக இருக்கும்போதே சுவரில் அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம். ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் வீட்டிலிருந்தே நான் கவனிக்க முடிவது இந்த இரண்டு எண்களைத்தான். இடைவெளி கூடிக்கொண்டே போனால் டாக்டருக்குச் சொல்லிவிடுவேன்.

குறையும் உண்டு. கையில் சுற்றும் காற்றுப் பட்டையான கஃபில் வரும் துடிப்பின் அதிர்வை வைத்துத்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. இடது நாடி மெலிந்திருக்கும் நாளில் காற்றை ஏற்றும், இறக்கும், மறுபடி இன்னும் இறுக்கமாக ஏற்றும், கடைசியில் பிழை என்று காட்டும். கையேட்டில் ‘கஃபைச் சரியாகச் சுற்றவும்’ என்பதோடு சரி. நாடி மெலிவும் காரணமாகலாம் என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒரு கையில் மட்டும் பாதிப்பு உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். மாத்திரையின் அளவை என் டாக்டர் வலது கை எண்ணை வைத்தே முடிவு செய்கிறார். இடது கையை மட்டும் நம்பியிருந்தால் எனக்கு பிபி இருப்பதே தெரிந்திருக்காது. இரண்டு கைக் குழாய்களும் சுருங்கியிருந்தால் இந்த மெஷின் என்றில்லை, கையில் போடும் எந்த மெஷினையும் நம்ப வேண்டாம். காலில் பிபி பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.