பால் கறக்க எது நல்லது: பிளாஸ்டிக் வாளியா, அலுமினியமா, எவர்சில்வரா?

ரெண்டு மூணு மாடு வச்சு பால் சொசைட்டிக்கு ஊத்தறவங்களுக்கு என்னோட சாய்ஸ் இதுதான்: கறக்க எவர்சில்வர், கொண்டு போக அலுமினிய கேன். பிளாஸ்டிக் ரெண்டுக்குமே வேணாம்.

பிளாஸ்டிக்ல விலை கம்மி, மாடு ஒதைச்சு உருட்டினாலும் நசுங்காது, அதெல்லாம் சரி. ஆனா கம்பி நார் போட்டு நாலு நாள் தேச்சா உள்ள பூரா கீறல் விழுந்து பால் கொழுப்பு அதுக்குள்ள போய் உக்காந்துக்குது, கொதிக்கிற தண்ணி ஊத்தி கழுவவும் முடியாது. காலைல கழுவி கவுத்து வச்ச வாளிய சாயங்காலம் எடுத்து மோந்து பாருங்க, புளிச்ச வாடை அடிச்சா உள்ள கிருமி குடித்தனம் நடத்துதுன்னு அர்த்தம். இதுல பழைய பெயிண்ட் வாளியில கறக்கறவங்க வேற இருக்காங்க, என்னத்த சொல்ல!

அலுமினிய கேன் லேசு, மூடி டைட்டா இருக்கும், டிவிஎஸ் எக்ஸ்எல்ல மாட்டிட்டு போயிடலாம். ஒரே வில்லன் சலவை சோடா, கெட்டியா கரைச்சு ஊற வச்சீங்கன்னா கறுத்து குழி குழியா அரிச்சிடும், அப்புறம் அதுவும் பிளாஸ்டிக் கதைதான். கழுத்து குறுகலா இருக்கறதால கை உள்ள போகாது, நீள பிரஷ் ஒண்ணு கட்டாயம்.

எவர்சில்வர் விலை கடிக்கும், ஆனா சுடுதண்ணி, சோடா எல்லாம் தாங்கும். (பிளீச்சிங் தண்ணிய மட்டும் ராத்திரி பூரா ஊற விடாதீங்க, எவர்சில்வரும் அரிக்கும்.) வாங்கும்போது உள்பக்கம் விரல விட்டு தடவிப் பாருங்க, ஒட்டு, மடிப்பு இருந்தா அந்த எடத்துலதான் மஞ்சளா பால் கறை படியும். வாய் அகலமா இருக்கறதும் வேணாம், மாடு வால வீசுனா சாணியும் முடியும் நேரா உள்ளதான் விழும்.

எந்தப் பாத்திரமா இருந்தாலும் முதல்ல பச்சத்தண்ணில அலசணும், அதுக்கப்புறம்தான் சுடுதண்ணி. எடுத்ததும் சுடுதண்ணி ஊத்துனா பால்ல இருக்கற புரோட்டீன் வெந்து ஒட்டிக்கும். கடைசியா வெயில்ல கவுத்து காய வச்சிடுங்க, ஈரமா மூடி வைக்காதீங்க.

"சொசைட்டில ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்என்எஃபும் (கொழுப்பு, தண்ணி போக மிச்சம் இருக்கற சத்து) பாத்துதான காசு, பாத்திரத்துக்கா தரப்போறாங்க?"ன்னு கேப்பீங்க, நியாயம்தான், சுத்தத்துக்குன்னு தனியா காசு தர்ற எடம் ரொம்ப கம்மி. ஆனா பால் காம்புல இருந்து வரும்போது கிட்டத்தட்ட 38 டிகிரி சூட்டுல இருக்கும், அந்தச் சூட்டுல கிருமி மளமளன்னு பெருகும், வண்டி லேட்டாச்சுன்னா மொத்தமும் திரிஞ்சு கேனோட திரும்பி வரும். மெத்திலீன் புளூன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, பால்ல நீல மருந்த விட்டு வைப்பாங்க, நீலம் 5 மணி நேரத்துக்கு மேல நின்னா ரொம்ப நல்ல பால், அரை மணி நேரத்துலயே வெளுத்தா படு மோசம். அழுக்குப் பாத்திரம் அதுல நல்லாவே மாட்டிக்கும்.

வடிகட்டற துணிய பெருசா நம்பாதீங்க, முடியும் தூசியும்தான் நிக்கும், கிருமி நிக்காது. ஈரத்துணியையே மறுபடி மறுபடி போட்டா இன்னும் கேடு.

கறவை மிஷின்? கை வலி மிச்சம், சாணித்தூசியும் விழாது. ஆனா ரப்பர் குழாய், லைனர் (காம்புல மாட்டற ரப்பர் உறை) எல்லாத்தையும் ரெண்டு வேளையும் கழட்டி கழுவணும், லைனர் வெடிக்கறதுக்கு முன்னாடி மாத்தணும், இல்லன்னா ஒரு மாட்டோட மடிநோய அடுத்த மாட்டுக்கு ஒட்ட வச்சிடும். ரெண்டு மாட்டுக்கு இவ்ளோ வேலை தேவையில்ல, அந்தக் காசுல நல்ல எவர்சில்வர் வாளியும் கேனும் வாங்கிட்டு மிச்சத்துக்கு தீவனம் போடலாம்.