நன்கொடையா, வேலையா? சேலத்து நிறுவனங்கள் முன் இரு வழிகள்

மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைநிற்க விரும்பும் சேலத்து நிறுவனங்களுக்கு நன்கொடை, வேலை என இரு வழிகள் உள்ளன. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் சக்கர நாற்காலிகள் வாங்கித் தருவது நல்லதே.

ஆனால் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள் போன்ற சிறு தொழில்கள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. அவை தரக்கூடிய பெரிய ஆதரவு வேலைதான். கொலுசில் சலங்கை கோப்பதும் பற்றவைப்பதும் உட்கார்ந்தபடியே செய்யும் பணிகள் என்பதால், நடக்க இயலாத ஒருவரைத் தடுப்பது பெரும்பாலும் மாடிக்கு ஏறும் குறுகிய படிக்கட்டுதான். தரைத்தளத்தில் ஓர் இடம் ஒதுக்கினாலே அவர் தொழில் கற்றுக் கூலி ஈட்டத் தொடங்கலாம். செவித்திறன் குறைந்தவருக்கு அந்த மாற்றமும் தேவையில்லை.

பெரிய ஆலைகளிலோ, சொந்த ஊழியருக்கென அமைக்கும் சாய்தளத்தை அந்த 2 சதவீதக் கணக்கில் சேர்க்க விதிகள் இடம் தருவதில்லை. பலர் நன்கொடையோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். எனினும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. மாதச் சம்பளம் தரும் மதிப்பை எந்த நன்கொடையும் தராது என்பதால், நான் வேலையையே பரிந்துரைப்பேன்.