பல் விழும் கனவுக்குப் பலன் சொல்கிறேன் என்பவரிடம் போன் நம்பர் கொடுக்காதீர்கள்

பல் விழுவதாகக் கனவு கண்டு, விடியற்காலையில் போனை எடுத்துப் பலன் தேடிக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். போன மே மாதம் நானும் அப்படித்தான் தேடினேன். 33,001 ரூபாய் போனது. பணம் மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதனால் என் அம்மாவின் ஆபரேஷன் தள்ளிப்போனது.

அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் மே 22 அன்று லேப்ராஸ்கோப்பி செய்வதாக முடிவாகியிருந்தது. நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நானே கேட்டு வாங்கிய தேதி அது.

மே இரண்டாவது வாரத்தில் அந்தக் கனவு வர ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருக்கிறேன், கடைவாய்ப்பல் ஒன்று ஆடுகிறது, நாக்கால் தள்ளினால் விழுகிறது. அப்புறம் அடுத்தது. உள்ளங்கை நிறையப் பல். நான்கு நாளில் மூன்று முறை, மூன்றும் விடியற்காலை.

எங்கள் வீட்டில் கனவுக்குப் பலன் சொல்வது புதிதில்லை. பாட்டி எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். கல்யாணக் கனவு கண்டால் சாவுச் சேதி, சாவுக் கனவு கண்டால் நல்ல சேதி. பாம்பு துரத்தினால் கஷ்டம், கடித்துவிட்டால் பீடை விட்டது. பல் விழுந்தால் வீட்டில் பெரியவர்களுக்கு ஆகாது. நேரத்துக்கும் கணக்கு உண்டு: முதல் சாமத்துக் கனவு ஒரு வருஷத்தில் பலிக்கும், இரண்டாம் சாமம் எட்டு மாதம், மூன்றாம் சாமம் மூன்று மாதம், விடியற்காலைக் கனவு பத்து நாளில். நான் எண்ணிப் பார்த்தேன். பத்து நாளுக்குள்தான் அம்மாவின் ஆபரேஷன் இருந்தது.

அந்தப் பயத்தோடு போனில் தேடியபோது வந்த வீடியோ ஒன்றின் கீழே வாட்ஸாப் நம்பர் இருந்தது. 'தனிப்பட்ட கனவு ஆலோசனை, 501 ரூபாய்.' பணம் அனுப்பியதும் ஒரு பெண் பேசினார். “அக்கா, பயப்படாதீங்க, ஐயா பாத்துக்குவாரு” என்று ஆறுதலாகச் சொன்னார். பிறகு எத்தனை பல், மேலா கீழா, வலித்ததா, ரத்தம் வந்ததா, எத்தனை மணிக்கு என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாக, “வீட்டுல வயசானவங்க யாருக்காவது உடம்பு முடியலையா அக்கா?” என்றார். அம்மா, பித்தப்பை, மே 22, சர்க்கரை என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அந்த 'ஐயா'வே கூப்பிட்டார். எடுத்ததும், “உங்களைப் பெத்தவங்களுக்கு வயித்துல ஒரு கண்டம் தெரியுதும்மா. கத்தி படுற யோகம் இருக்கு” என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. எப்படித் தெரிந்தது என்று வியந்தேனே தவிர, காலையில் நானே அந்தப் பெண்ணிடம் சொன்னது நினைவுக்கு வரவில்லை. பின்னால் உட்கார்ந்து முழு வாட்ஸாப் உரையாடலையும் படித்தபோது, அவர் 'கண்டுபிடித்த' ஒவ்வொன்றும் என் வாயிலிருந்து போனது என்பது வரிக்கு வரி தெரிந்தது. பயத்தில் இருப்பவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது ஞாபகம் இருக்காது. அவர்கள் தொழில் நடப்பதே அதை வைத்துத்தான்.

முதலில் மிருத்யுஞ்சய ஹோமம், 11,000. அடுத்து அம்மாவின் தலையணைக்கு அடியில் வைக்க ஒரு செப்புக் கவசம், 6,500. அதை வைத்தால் “கல்லே கரைஞ்சிரும்” என்றார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயருள்ள கணக்குக்குப் பணம் போனது. ஒரு நிபந்தனையும் போட்டார்: “கனவை வெளியில சொல்லாதீங்க, சொன்னா பரிகாரம் பலிக்காது.” என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியிடமும் சொல்லவில்லை. இந்த நிபந்தனை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே தம்பி என்னைத் தடுத்திருப்பான்.

மே 16 அன்று, “ஒரு மண்டலம் முடியிற வரைக்கும் கத்தி வைக்கக் கூடாதும்மா” என்றார். 48 நாள். வலி அதிகமில்லாத நேரமாதலால், பள்ளி வேலை இருக்கிறது, ஜூலையில் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனைக்கு நானே போன் செய்து தேதியை மாற்றினேன். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். சர்க்கரை இருப்பவர்களுக்குத் தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று எடுத்துச் சொன்னார். அம்மாவும், “ஏண்டி, எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டு இப்ப ஏன் தள்ளுற?” என்று கேட்டார். பள்ளியில் வேலை என்று பொய் சொன்னேன்.

இதற்கு நடுவில் பாம்பு வந்தது. “இனிமே கனவுல பாம்பு தெரிஞ்சா தோஷம் கடுமைன்னு அர்த்தம், உடனே சொல்லுங்க” என்று அவர் சொல்லி வைத்திருந்தார். அன்று முழுக்க அந்த வார்த்தைதான் மனதில் ஓடியது. மூன்றாம் நாள் கனவில் பாம்பைப் பார்த்தேன். சர்ப்ப சாந்தி, 15,000. பகலில் மனதில் புரண்டது இரவில் வருவதற்கு எந்த சாஸ்திரமும் வேண்டாம். அவர் விதைத்ததை நான் கனவாகக் கண்டு, அதை அவரிடமே சொல்லி, அதற்கும் பணம் கட்டினேன்.

ஜூன் 15, மண்டலத்தின் 31ஆம் நாள். இரவு 1 மணிக்கு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். வாந்தி, குளிர்காய்ச்சல். ஆம்புலன்ஸில் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. பித்தப்பையில் சீழ் பிடித்திருந்தது. அந்த நிலையில் ஆபரேஷன் ஆபத்து என்று, வெளியிலிருந்து குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். நான்கு நாள் ஐசியு, மொத்தம் ஒன்பது நாள். இடுப்பில் பையோடு வீட்டுக்கு வந்து, ஆறு வாரம் கழித்து மறுபடி போய்ப் பித்தப்பையை எடுத்தோம். மே மாதம் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர். இப்போது நன்றாக இருக்கிறார்.

ஐசியு வாசலில் இருந்துகொண்டு அந்த ஆளுக்குப் போன் செய்தேன். “பாத்தீங்களா, கனவு பலிச்சிருச்சு. பரிகாரம் பண்ணினதாலதான் உயிர் தப்பிச்சது” என்றார். தள்ளிப்போடச் சொன்னது நீங்கள்தானே என்றேன். “தோஷம் இன்னும் மிச்சம் இருக்கும்மா” என்று ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. ஒன்றும் நடக்காவிட்டால் பரிகாரம் காப்பாற்றியது என்பார்கள், ஏதாவது நடந்துவிட்டால் கனவு பலித்தது என்பார்கள். அன்று இரவே தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஹோம வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். நாற்பது நொடி வீடியோ. அம்மாவின் பெயரோ நட்சத்திரமோ அதில் இல்லை. பின்னால் கட்டியிருந்த பிளெக்ஸில் முந்தைய வருஷத் தேதி இருந்தது. நான் அதை எத்தனையோ முறை பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன், ஆனால் அந்தத் தேதி என் கண்ணில் படவில்லை.

சரி, பல் விழுந்த கனவு எங்கிருந்து வந்தது? ஆகஸ்டில் தாடை வலி தாங்காமல் பல் டாக்டரிடம் போனேன். காலையில் எழுந்ததும் தாடை இறுகியிருக்கிறதா என்று கேட்டார். பல மாதமாகவே அப்படித்தான் என்றேன். கடைவாய்ப்பற்களின் முனை தேய்ந்து தட்டையாகியிருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். இரவில் மாட்டிக்கொள்ள ஒரு கவர் செய்து கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கனவு இரண்டு முறைதான் வந்திருக்கிறது.

இதைப் பற்றித் தேடியபோது, இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. பல் விழும் கனவு அடிக்கடி வருபவர்களுக்கு, காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இறுக்கமும் உறுத்தலும் இருப்பது அதிகம் என்று அதில் கண்டிருந்தார்கள். என் விஷயத்தில் அப்படியே பொருந்தியது. நான் பல் டாக்டரிடம் போக வேண்டிய நேரத்தில் கனவுக்காரரிடம் போயிருக்கிறேன்.

விடியற்காலைக் கனவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'பத்து நாள்' என்ற கெடுவை வைத்துத்தான் என்னை அவசரப்படுத்தினார்கள். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலும் கனவு நினைவிருக்கிறது. சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை அது திரும்ப வரும். விடிய விடிய அதன் நீளம் கூடும். ஆகவே நமக்கு நினைவில் நிற்கும் கனவுகளில் பெரும்பகுதி விடியற்காலைக் கனவுகளாகவே இருக்கும். பலன் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களிடம் 'பத்து நாளில் பலிக்கும்' என்று சொல்லிவிடலாம். யோசிக்க நேரமே கொடுக்காமல் பணத்தையும் வாங்கிவிடலாம்.

பாட்டியின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. கெட்ட கனவு கண்டால் எழுந்து முகம் கழுவு, திருநீறு பூசு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து குலதெய்வத்தை நினைத்து வை என்பார். அந்த ஒரு ரூபாயும் சாமிக்குத்தான் போகும். எந்தக் கனவுக்காகவும் யாருடைய வைத்தியத்தையும் அவர் நிறுத்தச் சொன்னதில்லை.

இன்னொன்று எனக்குத் தீராத வருத்தம். சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையை எத்தனையோ வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கண்ணகி தன் தீக்கனவை மறைத்து வைக்கவில்லை, தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு கூடலாம் என்று தேவந்தி வழி சொல்ல, கண்ணகி “பீடு அன்று” என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். அவள் கண்ட கனவு பலித்ததே என்று சிலர் கேட்பீர்கள். காப்பியத்தில் வரும் கனவு, கதை எங்கே போகிறது என்று நமக்கு முன்கூட்டிச் சொல்ல வருவது. நான் சொல்ல வந்தது வேறு. அவளுக்குத் தன் கனவைச் சொல்ல ஒரு தோழி இருந்தாள், அந்தத் தோழி அவளிடம் எதையும் கேட்கவில்லை. எனக்கும் வீடு நிறைய மனிதர்கள் இருந்தார்கள். நான்தான் அவர்களிடம் சொல்லாமல் முகம் தெரியாத ஒருவரிடம் சொன்னேன்.

ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது: 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்கி வைக்க முடியும். நான் வெட்கப்பட்டு ஒரு மாதம் கழித்துப் புகார் கொடுத்ததால், அந்தக் கணக்குகளில் ஒன்றும் மிச்சமில்லை. பணம் அனுப்பிய ரசீது, உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். ஹோமம், தாயத்து, கவசம் என்ற பெயரைக் கேட்டுச் சாமி விஷயமாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது. கல் கரையும் என்று அவர் அனுப்பிய குரல் பதிவைப் புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வாட்ஸாப் நம்பர் இப்போது இயங்கவில்லை. போன வாரம் தற்செயலாக அதே குரலை வேறு பெயரில் ஒரு வீடியோவில் கேட்டேன். இறந்துபோன அப்பா கனவில் வந்து சோறு கேட்டால் என்ன பலன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் கீழே ஒரு பெண், தன் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, மாமனார் கனவில் வந்து கூப்பிடுகிறார், நம்பர் கொடுங்கள் ஐயா என்று எழுதியிருந்தார். டயாலிசிஸை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள் அம்மா, இவரை நம்பாதீர்கள் என்று அவருக்குப் பதில் போட்டேன். அரை மணி நேரத்தில் அதை நீக்கிவிட்டார்கள். மறுபடி போட்டேன், என்னைத் தடை செய்துவிட்டார்கள். அந்தப் பெண்ணைத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.