கற்பனை லாயத்தில் ஆறு வருஷம்

மதுரையில் குதிரைப் பந்தய மைதானம் கிடையாது. கிண்டியில் ஒரு பந்தயம் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி ரயில் ஏற வேண்டும். ஆனாலும் ஆறு வருஷமாக எனக்கென்று ஒரு லாயம் இருக்கிறது. வைகை லாயம் என்று பெயர். வருஷத்துக்குப் பத்துக் குட்டி, எல்லாம் நோட்டில்.

விஷயம் இதுதான். யாரோ வளர்த்து இனிமேல்தான் ஓடப்போகிற குட்டிகளில் பத்தை, அவை மைதானத்தில் கால் வைப்பதற்கு முன்பே, 'என்னுடையவை' என்று எழுதிவிட வேண்டும். இரண்டு வயசில் ஓடும் முதல் ஓட்டத்திலிருந்து நாலாம் வயசு பிறந்து மும்பை மகாலட்சுமி மைதானத்தில் இந்தியன் டெர்பி என்ற பெரிய பந்தயம் முடியும் வரை கணக்கு வைக்க வேண்டும். முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, இரண்டாவதுக்கு ஐந்து, மூன்றாவதுக்கு மூன்று. நடுவில் குட்டியை மாற்றக் கூடாது. பணம் என்ற பேச்சே கிடையாது. திருமங்கலத்தில் ஒரு நண்பர், அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு வளர்க்கும் என் தாய்மாமா, நான் என்று மூன்று பேர், மூன்று லாயம். ஒரே குட்டியை இரண்டு பேர் கேட்டால் சீட்டுக் குலுக்கல்.

2019-இல் முதல் பட்டியல் போட்டபோது எனக்குத் தெரிந்தது அப்பன் பெயர் மட்டும்தான். எந்தப் பொலிகுதிரையின் பிள்ளைகள் அதிகம் ஜெயிக்கின்றன என்று பார்த்துப் பத்தையும் அதை வைத்தே எடுத்தேன். அதில் மூன்று மைதானத்துக்கே வரவில்லை. நான்கு, ஓடியும் ஒரு தடவைகூட முதல் மூன்றுக்குள் வரவில்லை. இதில் பெரிய பெரிய ஆட்களே தவறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2006-இல் 'தி கிரீன் மங்கி' என்ற இரண்டு வயசுக் குட்டி 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மூன்றே தடவை ஓடியது, ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அதே நாட்டில் வெறும் 17,500 டாலருக்கு வாங்கிய 'சியாட்டில் ஸ்லூ' 1977-இல் தோல்வியே காணாமல், மூன்று பெரிய பந்தயங்கள் சேர்ந்த ட்ரிப்பிள் கிரவுனை அள்ளியது. இந்த இரண்டு பெயரையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் பட்டியல் மாறியது மாமாவால்தான். அவருக்கு வம்சாவளி அட்டவணையெல்லாம் தெரியாது. முதல் வருஷம் அவர் போக்குக்குத்தான் எடுத்தார், ஆனால் புள்ளியில் என்னைத் தாண்டிவிட்டார். அடுத்த தடவை விற்பனைக்கு வந்த குட்டிகளின் நடை வீடியோவைத் திண்ணையில் உட்கார்ந்து அவரோடு பார்த்தேன். முதலில் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். அப்புறம், "நிக்க வச்சுப் பாக்காத மாப்ள, நிக்கிறப்போ எல்லாக் குட்டியும் அழகாத்தான் இருக்கும். நடக்க விட்டுப் பாரு" என்றார். மணலில் குட்டி நடந்து போகிறது. முன்னங்கால் பதித்த தடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழுகிறதா என்பதுதான் அவர் பார்த்தது. ஒரு ஆண்குட்டிக்குப் பின்குளம்பு தடத்துக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. விரலால் திரையைத் தொட்டு, "இத எழுது" என்றார். இன்னொன்று பார்க்க லட்சணமாக இருந்தது. பக்கவாட்டில் பார்த்தபோது முழங்கால் லேசாகப் பின்பக்கம் வளைந்திருந்தது. வேகம் எடுக்கும்போது பாரம் முழுக்க அந்த மூட்டில் இறங்கும், தாங்காது, வேண்டாம் என்றார். குளம்புக்கு மேலே இருக்கும் கணுவின் சாய்வையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். செங்குத்தாக நின்றால் அதிர்ச்சி நேரே மேலே ஏறும், அதிகமாகச் சாய்ந்தால் தசைநார் இழுபடும். மாட்டுச் சந்தையில் முப்பது வருஷமாகக் கன்று பார்க்கிற கண் அது. குதிரைக்கும் அப்படியே பொருந்தியது.

உடம்பில் இருக்கும் மயிர்ச்சுழியைத் தேடத்தான் அவருக்கு வீடியோ போதவில்லை. அது தனிக் கதை.

நோட்டில் நான் போட்ட கட்டங்களில் மிகவும் உதவியது பிறந்த மாதம். இந்தியாவில் பந்தயக் குதிரைகளுக்கு எல்லாம் ஜனவரி 1-ஆம் தேதிதான் வயசு ஏறும். ஜனவரியில் பிறந்ததும் மே மாசம் பிறந்ததும் ஒரே வயசு என்றுதான் கணக்கு, ஒன்றாகத்தான் ஓட வேண்டும். அந்த வயசில் நாலு மாசம் என்பது சாதாரண வித்தியாசம் இல்லை. பல குட்டிகளுக்கு இரண்டு வயசில் முழங்கால் எலும்பின் வளர்ச்சியே முடிந்திருக்காது. என் முதல் பட்டியலில் மே மாசத்துச் செவலைப் பெட்டை ஒன்று இருந்தது. மாமா அதைக் கிடாரி என்றுதான் சொல்வார். முதல் இரண்டு ஓட்டத்திலும் அது கடைசி. பட்டியலில் வெறும் பாரம் என்று நினைத்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பந்தயங்கள் நின்றுபோயின. நோட்டில் மாசக்கணக்கில் ஒரு வரிகூட ஏறவில்லை. மறுபடி ஆரம்பித்தபோது அந்தக் கிடாரி நெஞ்சு விரிந்து வேறு குதிரையாக வந்து நின்றது. 1400 மீட்டரில் கடைசி 200 மீட்டர் வரை ஐந்தாவதாக இருந்துவிட்டு, வெளிப்பக்கமாக வந்து ஜெயித்தது. அன்று ராத்திரி அலங்காநல்லூருக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன்.

பத்தையும் ஒரே மாதிரி எடுக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வயசு ஓட்டங்கள் பெரும்பாலும் 1000, 1200 மீட்டர். அதற்கு ஏற்ற வேகக் குட்டிகள் ஆரம்பத்தில் புள்ளிகளை வாரிக் கொடுக்கும். '2000 கினீஸ்' என்ற பெரிய பந்தயம் 1600 மீட்டர், டெர்பி 2400 மீட்டர். அங்கே போகும்போது அவற்றில் பலதுக்கு மூச்சு தாங்காது. இப்போது நான்கு வேகக் குட்டி, ஆறு தூரக் குட்டி என்று எடுக்கிறேன். தூரம் தாங்குமா என்பதற்கு அப்பனைவிடத் தாயின் வழியைப் பார்ப்பது எனக்குச் சரியாக அமைந்திருக்கிறது.

எதில் எழுதி வைப்பது என்று கேட்டால், காகிதம்தான். நடுவில் இரண்டு வருஷம் போனில் ஒரு செயலியில் ஏற்றிப் பார்த்தேன். புள்ளிகளை அதுவே கூட்டிவிடும், அது வசதி. ஆனால் ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் இரண்டு வருஷத்துப் பதிவும் காணாமல் போய்விட்டது. கேட்டு எழுதினேன், பதிலே இல்லை. பழைய முடிவுகளைத் தேடி மறுபடி எழுத மூன்று வாரம் ஆனது. இப்போது டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய நீள நோட்டுதான். குட்டிக்கு ஒரு பக்கம்: தேதி, தூரம், சுமந்த எடை, வந்த இடம், ஜெயித்த குதிரைக்கு எத்தனை குதிரை நீளம் பின்னால். எடையைக் கட்டாயம் எழுத வேண்டும். ஜெயிக்க ஜெயிக்கக் குதிரையின் தரமதிப்பு ஏறும், ஏறினால் முதுகில் பாரமும் ஏறும். 60 கிலோ சுமந்து நாலாவதாக வந்ததையும் 51 கிலோவோடு நாலாவதாக வந்ததையும் ஒன்றாக வைக்க முடியாது.

நேரில் பார்த்தது ஒரே தடவை. 2023 கோடை சீசனுக்கு ஊட்டி போனேன். என் பட்டியலில் இருந்த மயிலை நிறக் குட்டி அன்று ஓடியது. பிறக்கும்போது வேறு நிறமாக இருந்து வருஷா வருஷம் வெளுத்துக்கொண்டே வரும் நிறம் அது. படத்தில் பார்த்ததைவிட நல்ல வெளுப்பு. ஓட்டத்துக்கு முன்னால் வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் வேலிக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஊட்டிக் குளிரிலும் அதன் பின்னந்தொடைகளுக்கு நடுவே வெள்ளையாக நுரை கட்டியிருந்தது, கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. ஓடுவதற்கு முன்பே பாதி சக்தியைப் பதற்றத்தில் விட்டுவிட்டது. ஏழாவதாக வந்தது. முடிவைப் படித்திருந்தால் ஏழு என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். இது வீட்டிலிருந்து லாயம் நடத்துவதன் பெரிய குறை. அந்த நுரை எந்த வீடியோவிலும் தெரியாது. 2024 ஜூலையில் அரசு அந்த மைதான நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த வேலிப் பக்கம் இனி நிற்க முடியாது என்பதில் எனக்கு வருத்தம்தான்.

இன்னொரு குறை, காத்திருப்பு. ஒரு பட்டியல் முடிய ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் காலில் அடிபட்டு நின்றுபோன குட்டியின் பக்கத்தைத் திருப்பும்போது மனசு கனக்கும். பெயரும் லாயமும் நமக்குச் சொந்தமில்லை என்றாலும், இரண்டு வயசிலிருந்து பார்த்த பிள்ளை.

இந்த வருஷப் பட்டியலில் ஒன்பது எழுதியாகிவிட்டது. பத்தாவதுக்கு ஏப்ரல் கடைசியில் பிறந்த ஒரு பெட்டை மனசில் இருக்கிறது. தாய் வழி நல்ல தூரம், நடையில் பின்னங்கால் தடத்தைத் தாண்டுகிறது, இடது முன்கணு மட்டும் கொஞ்சம் நேராகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவை மாமாவிடம் காட்டப் போகிறேன்.