பழைய செல்போன்: இரும்புக் கடைக்கா, மறுசுழற்சி ஆலைக்கா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய தூசியைக்கூட வீச மாட்டார்கள். அதில் வெள்ளி இருக்கிறது. அதே சேலத்தில் செல்போனை எடைக்குப் போடுகிறோம். செல்போனுக்குள் இருக்கும் மின்சுற்று அட்டைதான் போர்டு; ஒரு டன் போர்டில் சுமார் 200 கிராம் தங்கம் உண்டு. சுரங்கத்தில் டன் பாறைக்கு 5 கிராம் கிடைத்தாலே நல்ல சுரங்கம்.

இரும்புக் கடையில் உடனே காசு, வண்டி வாசலுக்கே வரும். அந்த உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கைமாறிப் போகும் போர்டுகள் பல இடங்களில் நைட்ரிக் அமிலத்தில் ஊறுகின்றன. செம்பழுப்புப் புகை கிளம்பும். கையுறைகூட இல்லாமல் ஒருவர் கிளறிக்கொண்டிருப்பார். தங்கத்தில் ஒரு பங்குதான் தேறும், போர்டில் உள்ள பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் பெரும்பாலும் வீண். மிச்ச அமிலம் சாக்கடைக்கு. நம் ஊரில் அப்படி ஊற்றினால் அது சேர்வது ஏற்காட்டிலிருந்து இறங்கிவரும் திருமணிமுத்தாற்றில்.

மறுசுழற்சிக்குப் போனால், பெரிய உருக்காலையில் போர்டைத் தூளாக்கிச் செம்போடு உருக்குவார்கள். உருகிய செம்பு தங்கம், வெள்ளி, பல்லேடியத்தை உள்வாங்கிக்கொள்ளும். பிறகு கரைசலில் மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பில் செம்பு தனியே பிரிய, தங்கம் தொட்டியின் அடியில் சேறாகத் தங்கும். புகையும் வடிகட்டித்தான் வெளியேறும்.

இந்த வழியில் காசு குறைவு, அலைச்சலும் உண்டுதான். தெருவே சேர்ந்து ஒரு மூட்டையாகக் கட்டி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்தால் அந்த அலைச்சல் ஒரே நாளில் முடியும். என் ஓட்டு அதற்குத்தான்.